சலவை வண்டியில் பதினோரு பாட்டு

அந்தப் பதினோரு பாட்டும் வீட்டில் பதிவானவை என்று என் மச்சான் எழுதி வைத்திருப்பது பச்சைப் பொய். ஒன்பது வருஷமாக இதை உள்ளுக்குள் வைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதோடு ஒரு சீட்டு. சீட்டில் பாட்டுகளின் பெயர், கீழே அவர் பெயர், அதற்கும் கீழே ‘அனைத்தும் இல்லத்திலேயே பதிவு செய்யப்பட்டவை’ என்று ஒரு வரி. இல்லமாம்! அந்த இல்லத்துக்கு நாலு சக்கரம் இருந்தது. பின்னால் இரட்டைக் கதவு இருந்தது. பக்கவாட்டில் என் கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் பெரிய எழுத்தில் இருந்தன. அது என் சலவை வண்டி.

ஒரு தடவை நேரிலேயே கேட்டுவிட்டேன்.

“வண்டியில பதிவுன்னு போட்டா, ஓட்டிக்கிட்டே பாடுனேன்னு நினைச்சுக்குவாங்க மாப்ள. கேக்கறவங்களுக்குப் பயமா இருக்கும்ல,” என்றார்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ‘கோட்டு ஒன்று, பேன்ட் இரண்டு, காலரில் கறை’ என்று சீட்டு எழுதித்தான் பழக்கம். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் தங்கச்சி புருஷன் என்பதால் என்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது. “மாப்ள, உங்க வயிறு சத்தம் போடுது. கொஞ்சம் வெளியில போய் நின்னுக்கறீங்களா?” என்று மரியாதை குறையாமல் கேட்க அவரால்தான் முடியும்.

வேலைக்கு நடுவே பாடுவது அவர் பழக்கம். லிஃப்ட் ஏறி இறங்க ஒவ்வொரு கட்டடத்திலும் மேலிருந்து கீழ் வரை கிணறு மாதிரி ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். ஷாஃப்ட் என்பார்கள். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று ஸ்பேனரைத் திருகிக்கொண்டே அந்தப் பள்ளத்துக்குள் பாடுவார். பன்னிரண்டு மாடி கான்கிரீட்டில் மோதித் திரும்பி வரும்போது அவர் குரல் எங்கேயோ வானத்திலிருந்து வருவது மாதிரி இருக்கும். ஜனங்கள் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு கட்டடத்தில், லிஃப்ட் சரியாகிவிட்டது என்று அவர் சொன்னபோது, “இன்னொரு தடவை பாத்துடுங்களேன்,” என்று மேல் மாடிக்காரர் கெஞ்சினாராம். இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். நூறு தடவையாவது கேட்டிருக்கிறேன்.

பாட்டெல்லாம் அவரே கட்டியவை. கிரீஸ் கறை படிந்த ஒரு நோட்டில் பதினோரு பாட்டு எழுதி வைத்திருந்தார். எல்லா மாடி பட்டனையும் அமுக்கிவிட்டு ஓடும் குழந்தையைப் பற்றி ஒன்று. கரன்ட் போன நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது சமாதானமாகிப்போன இரண்டு பங்காளிகளைப் பற்றி ஒன்று. பதினோராவது, அவர் மனைவியைப் பற்றியது. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா குடியிருப்பது ஆறாவது மாடி. அந்த மாடிக்கு லிஃப்ட் உண்டு. லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர் கட்டின புருஷன். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அக்கா அதில் கால் வைத்ததில்லை. காய்கறிப் பையோடு ஆறு மாடியும் படியேறித்தான் வருவார். ஏன் என்று கேட்டால், “இந்த ஆளு வேலை பாக்கறதை நான் கிட்ட நின்னு பாத்திருக்கேன்,” என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆளுக்குத் தொண்டை கரகரத்தது. தூசி என்றார். வெந்நீர் குடித்தார். மூன்று மாசம் ஆகியும் சரியாகவில்லை. டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்து, குரல் வரும் இடத்தில் சின்னதாக ஒரு கட்டி என்றார். நானும் கூட இருந்தேன்.

“பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா எடுத்துத்தான் ஆகணும். ஆறு வாரம் கழிச்சு ஒரு திங்கக்கிழமை வச்சுக்கலாம்.”

“எடுத்தப்புறம் பாட முடியுமா டாக்டர்?”

“பேச முடியும்.”

“பாட?”

“பேச முடியும்,” என்றார் டாக்டர் மறுபடியும். “அதுவரைக்கும் தொண்டையைக் கஷ்டப்படுத்தாதீங்க. அவசியம்னா மட்டும் பேசுங்க.”

வெளியே வந்ததும் மச்சான் என் தோளைப் பிடித்தார். “மாப்ள, பதினோரு பாட்டு, ஆறு வாரம். அதுக்குள்ள பதிஞ்சு வச்சுடணும்.”

ஸ்டூடியோவுக்குப் போகிற வசதி இல்லை. வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளலாம், இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பழைய சாமான் கடையில் ஒரு மைக் வாங்கினோம். “பெரிய பெரிய ஆளுங்க பேசின மைக்,” என்றார் கடைக்காரர். மூக்கருகே கொண்டுபோனால் சுருட்டு நாற்றம் அடித்தது. பெரிய ஆள் யாரோ பேசியிருக்கத்தான் வேண்டும். கம்பெனி கழித்துப்போட்ட ஒரு லேப்டாப் மச்சானிடம் இருந்தது. அதன் கீபோர்டில் ஒரு எழுத்து விழுந்துபோய்ப் பல் போன வாய் மாதிரி இருந்தது. பதிவு செய்கிற புரோகிராம் இலவசமாகவே கிடைத்தது. ‘ப’ என்று பாடும்போது மைக்கில் காற்று அடிக்காமலிருக்க எதிரே ஒரு வலை வேண்டுமாம். அக்கா துணியில் பூவேலை செய்யும் வட்டச் சட்டத்தை எடுத்து, அதில் பழைய நைலான் காலுறையை இழுத்துப் பூட்டினார். கிட்டார் மச்சானிடமே இருந்தது. அதில் அவருக்கு நாலு விரல்பிடிதான் தெரியும். பதினோரு பாட்டும் அந்த நாலுக்குள்ளேதான் குடும்பம் நடத்தின.

முதல் பாட்டை எங்கே பதிவு செய்தார் என்று சொல்லவே தேவையில்லை. ஷாஃப்டில்தான். மதியம் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மைக்கைத் தொங்கவிட்டார். அருமையாகத்தான் பாடினார். ஆனால் ஐந்தாவது மாடியில் யாரோ பட்டனை அமுக்கினார்கள். உருக்கமான இடத்தில், ‘நான் போறேன், நீ இரு’ என்று அவர் இழுத்தபோது, லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், “தயவுசெய்து கதவை விட்டு விலகி நிற்கவும்,” என்றது. நாலு தடவை பாடினார். நாலு தடவையும் அந்த அம்மாள் விடவில்லை.

பிறகு வீடு. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்று எவனோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டான். மச்சான் ஒரு பேக்கரியிலிருந்து முட்டை அட்டைகளை வாரிக்கொண்டு வந்து படுக்கையறை முழுக்க ஒட்டினார். வெளிச்சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. கரப்பான் பூச்சிகள்தான் கூடின. அதற்கு மேல் ஃப்ரிட்ஜ். அது போடுகிற ‘ம்ம்ம்’ என்ற சத்தம் பாட்டு முழுக்க அடியில் ஓடியது. அதை நிறுத்திவிட்டுப் பாடினார். நன்றாகத்தான் பாடினார்; பதிவில் தெரு ஹாரன் விழுந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பாடின சந்தோஷத்தில் திரும்பப் போட மறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அக்கா ஊரிலிருந்து வந்து அதைத் திறந்தார்.

என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் போனபோது மீன் ஒரு வாளியில் இருந்தது. மைக்கும் லேப்டாப்பும் படிக்கட்டில் இருந்தன. மச்சானும் படிக்கட்டில் இருந்தார்.

“வீட்ல ஒரு எழுத்து பாடக் கூடாதுன்னுட்டா,” என்றார். “நாலு வாரம்தான் இருக்கு மாப்ள.”

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாமான்களை எடுத்து என் வண்டியில் போட்டேன். அன்றைக்கு வண்டியில் துவைத்த கம்பளிக் கோட்டுகள் நிறையத் தொங்கின. பின்கதவை இழுத்துச் சாத்தினேன். மச்சான் ஏதோ பேச ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினார். மறுபடியும், “மாப்ள,” என்றார். கையைத் தட்டிப் பார்த்தார். தட்டின சத்தம் அங்கேயே செத்து விழுந்தது.

“இந்தக் கதவைத் திறக்காதீங்க,” என்றார்.

இப்படித்தான் என் பிழைப்பில் மண் விழுந்தது. வண்டியைக் கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினோம். அங்கே குடியிருப்பவர்களுக்குச் சத்தம் போடும் பழக்கம் இல்லை. ஒரு கோட்டு ஹாங்கரில் மைக்கைக் கட்டி, துணி மாட்டும் கம்பியில் கோட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டோம். நான் முன்னால் டிரைவர் சீட்டில், மடியில் லேப்டாப்போடு. அவர் பின்னால், துணிக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல். நடுவே தகரத் தடுப்பு, அதில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு சின்னச் சன்னல். லிஃப்ட் மெக்கானிக்குகள் ஷாஃப்டுக்குள் கத்திப் பேசுவதில்லை, இரும்பில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மேலே, மூன்று என்றால் கீழே. அதையே எனக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு தட்டினால் சத்தத்தை ஏற்ற வேண்டும், மூன்று தட்டினால் இறக்க வேண்டும்.

முதல் பாட்டு முடிந்தது. ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

“யாரு இது?”

“நீங்கதான்.”

“மைக் சரியில்ல.”

“மைக் அதேதான் மச்சான். ஷாஃப்டுல பாடுன அதே மைக்தான்.”

மறுபடியும் கேட்டார். கூடைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோட்டுகள் எதிரொலியை எல்லாம் குடித்துவிட்டிருந்தன. மிச்சம் இருந்தது ஒரு நடுவயது மனுஷனின் குரல். கொஞ்சம் மூக்கால் வருகிற, கொஞ்சம் கரகரப்பான, இழுக்க வேண்டிய இடத்தில் லேசாக நடுங்குகிற குரல்.

“இருபத்தாறு வருஷமா லிஃப்ட்டுதான் பாடியிருக்கு மாப்ள,” என்றார். “நான் பாடல.”

அதோடு போய்விட்டார். ஒரு வாரம் ஃபோனை எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். வண்டி காலியாகக் கிடைத்தது, துணிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்து வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு வாரத்தில் மூன்று வாரம் போய்விட்டது. பாட்டு ஒன்று. அதுவும் வேண்டாம் என்று தள்ளின ஒன்று.

என் மனைவியிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“எப்படி இருக்கு?”

“அண்ணன் மாதிரியே இருக்கு.”

“அண்ணன்தாண்டி பாடுறாரு.”

“அது தெரியுது. கட்டடத்துல பாடும்போது யாரோ மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்காது. உங்ககிட்ட சொன்னதில்ல. இதுதான் எங்க அண்ணன். சின்ன வயசுல என்னை சைக்கிள்ல வச்சு மிதிச்சுக்கிட்டே பாடுமே, அந்தக் குரல்.”

நேரே ஃபோனைப் போட்டாள். அவர் எடுக்கவில்லை. உடனே கிளம்பிப் போனாள். ஆறு மாடியும் படியேறிப் போனாளாம். அக்காவோடு பேசிக்கொண்டே ஏறியதால் வேறு வழி இல்லை. என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, “ஒண்ணும் பெருசா இல்ல. லிஃப்ட் பாடுனதைக் கேக்க எனக்கு லிஃப்ட் போதும், அண்ணன் எதுக்குன்னு கேட்டேன்,” என்றாள். மறுநாள் காலை மச்சான் என் கடை வாசலில் நின்றார்.

“மாப்ள, இன்னிக்குக் கம்பளி ஏதாவது இருக்குதா?”

அன்றிலிருந்து என் கடைக்கு இரண்டு முதலாளி. பேசினால் குரல் செலவாகிவிடும் என்று வீட்டில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் போடு, ஒரு தட்டு என்றால் போதும். “வீட்டுக்குள்ளயே லிஃப்ட்டு வந்துடுச்சு,” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். மச்சான் மிச்சம் பிடித்த குரலையெல்லாம் என் வண்டியில் கொண்டுவந்து கொட்டினார்.

துணியில் அவருக்கு வந்த ஞானம் எனக்கு இருபது வருஷத் தொழிலில் வந்ததில்லை. கம்பளி நல்லது. பருத்தி விரிப்பு ஒன்றுக்கும் உதவாது. பட்டு இருக்கவே கூடாது, ‘ச’ எல்லாம் சீறும். துவைத்த துணிக்கு நான் போடும் பிளாஸ்டிக் உறை அவருக்கு ஜென்மப் பகை. மூச்சு பட்டாலே மொறுமொறுக்கும் என்று அத்தனையையும் கழற்றச் சொல்வார். பாடி முடித்ததும் நான் ஒவ்வொன்றாக மறுபடி மாட்ட வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏங்க, துவைச்சது மாதிரி இருக்கு, ஆனா ஏதோ ஆள் வாசனை அடிக்குதே?” என்றார். உச்சி வெயிலில் சாத்திய வண்டிக்குள் மனுஷன் பனியனோடு உட்கார்ந்து நாலு பாட்டு பாடினால் வேறென்ன வாசனை அடிக்கும்?

அப்போதுதான் அந்தத் திரை வந்தது. பக்கத்து நாடக அரங்கத்தின் மேடைத் திரை, சிவப்பு வெல்வெட். வருஷத்துக்கு ஒரு தடவை துவைக்க வரும். என் பெரிய வாடிக்கையே அதுதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். அதை வண்டிக்குள் மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டதும் மச்சான் உள்ளே போய் ஒரு வரி பாடினார். தடுப்பில் தட்டவில்லை. எழுந்து வந்து சன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதை எப்பத் திருப்பிக் கொடுக்கணும்?”

“புதன்கிழமை.”

“முடியாது.”

“மச்சான், அது அவங்க திரை.”

“அஞ்சு பாட்டு இருக்கு மாப்ள. வியாழக்கிழமைன்னு சொல்லுங்க. காயலன்னு சொல்லுங்க.”

காயவில்லை என்று சொன்னேன். இருபது வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய். வியாழனும் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பதாவது பாட்டு நடக்கும்போது, அரங்க மேனேஜர் ஸ்கூட்டரில் வந்து வண்டியின் பக்கத்தில் நின்றார். என் கடைப் பெயரைத்தான் எட்டுத் தெருவுக்குத் தெரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேனே. நான் இறங்குவதற்குள் பின்கதவைத் தடாலென்று திறந்துவிட்டார்.

தன் அரங்கத்தின் திரைக்கு நடுவே பனியன் போட்ட ஓர் ஆள் கிட்டாரோடு உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மச்சான் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தி, கதவைச் சாத்தச் சொல்லிச் சைகை காட்டினார். மேனேஜர் சாத்தினார். உள்ளே நின்றபடி! எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் புரிந்தது. வாழ்நாளெல்லாம் அரங்கத்தில் ஜனங்களை ‘உஷ்’ என்று அடக்கியவர். பாட்டு நடக்கிற இடத்தில் வாயைத் திறக்க அவருக்கே வரவில்லை.

பாட்டு முடிந்தது. சண்டைக்காகக் காத்திருந்தேன்.

“ரெண்டாவது அடியில சுருதி இறங்குது,” என்றார் மேனேஜர்.

“அப்படியா?” என்றார் மச்சான்.

“அப்படித்தான். இன்னொரு தடவை பாடுங்க.”

இன்னொரு தடவை பாடினார். மேனேஜர் அசையாமல் நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது, துடைக்கவில்லை. அதற்குப் பிறகு பத்தாவது பாட்டையும் கேட்டார். முடிந்ததும் கைக்குட்டையால் முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்கு. மனசுல நிக்குது,” என்றார். என் பக்கம் திரும்பினார். “திரையை இப்பவே ஏத்துங்க. அடுத்த வருஷத்திலேருந்து நாங்க வேற கடையைப் பாத்துக்கறோம்.”

“சார், பாட்டு பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே?”

“பாட்டு வேற, திரை வேற,” என்றார்.

பத்து முடிந்தது. ஒன்று பாக்கி, அக்காவின் பாட்டு. சனிக்கிழமை குரலுக்கு ஓய்வு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் மிச்சம் இருந்தது. திங்கள் காலை ஆஸ்பத்திரி. மச்சானின் குரல் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது. பத்து நிமிஷம் வரும், பிறகு காற்றுத்தான் வரும். திரை போய்விட்டது. வண்டியில் இருந்தவை ஓட்டல்காரர்களின் மெல்லிய மேஜை விரிப்புகள். உள்ளே கை தட்டினால் தகரம் பதில் சொன்னது.

இரண்டு வீட்டிலிருந்தும் போர்வை, மெத்தை, தலையணை, குளிர்காலச் சட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து உள்ளே அடைத்தோம். அப்படியும் ஒரு மூலையில் கணகணவென்றது. கடைசியில் என் மனைவியையும் அக்காவையும் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்தி அந்த மூலையில் உட்கார வைத்தார்.

“ஆடக் கூடாது, பேசக் கூடாது, இருமக் கூடாது,” என்றார் கிசுகிசுப்பாக.

“என்னைய என்ன மெத்தைன்னு நினைச்சியா?” என்றார் அக்கா.

“மெத்தை வாயை மூடிக்கிட்டு இருக்கும்.”

அந்தப் பாட்டை அக்கா அதுவரை கேட்டதில்லை. தன்னைப் பற்றியது என்றும் தெரியாது. மச்சான் ஆரம்பித்தார்.

கூண்டுல ஏற மாட்டா, கயித்த நம்ப மாட்டா,
என்ன நம்பி வந்தவளுக்கு இதுக்கு மட்டும் பயமா?

“யாருக்குப் பயம்?” என்றது கம்பளி.

தடுப்பில் ஒரு தட்டு. நிறுத்தினேன். தலையை நீட்டிப் பார்த்தேன்.

“எனக்கு ஒரு பயமும் இல்ல. படிக்கட்டு கைக்கு அடக்கமா இருக்கு, ஏறுறேன். இதைப் போய் ஊரறியப் பாடணுமா?”

“அண்ணி,” என்று என் மனைவி அக்காவின் கையைப் பிடித்தாள். “நாளைக்கு ஆபரேஷன்.”

மச்சான் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பேசினால் இருக்கிற பத்து நிமிஷமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவர் பார்த்த பார்வையை அக்கா கொஞ்ச நேரம் தாங்கினார். பிறகு கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார்.

“பாடு,” என்றது உள்ளிருந்து.

இந்தத் தடவை நிற்காமல் பாடினார். நாலாவது மாடித் திருப்பத்தில் அவள் பையைக் கைமாற்றிக்கொள்வது, ஐந்தாவதில் நின்று தலைமுடியைச் சரிசெய்வது, வாசலுக்கு வரும்போது ஏறின களைப்பே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது எல்லாம் பாட்டில் வந்தது. இந்த மனுஷன் இத்தனை வருஷமும் படிக்கட்டு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கம்பளி லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வரவில்லை. கடைசி வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் பாதி வந்தது, பாதி காற்றாகப் போனது. அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை. ஒரு தட்டு தட்டினார்.

அக்கா கம்பளியை விலக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அஞ்சாவது மாடியில நான் தலையைச் சரிசெய்யறதே இல்ல,” என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். அந்த இரண்டு வாரமும் என் கடைப் பின்னறையில்தான் கிடந்தார், சின்னப் பிள்ளைகளின் சிலேட்டு ஒன்றோடு. பாட்டுகளைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். லேப்டாப் திரையில் பாட்டு ஒரு பச்சைக் கோடாக ஓடும். வரிக்கு வரி நடுவே அவர் மூச்சு வாங்கின இடம் குட்டிப் புழு மாதிரி நெளியும். அவர் சிலேட்டில் ‘மூச்சு. வெட்டு’ என்று எழுதிக் காட்டுவார், நான் வெட்டுவேன். என் மோட்டா விரலுக்கு அது என்ன வேலையா? ஒரு பாட்டுக்கு முப்பது நாற்பது மூச்சு. ‘எருமை மாதிரி இருக்கு’ என்று எழுதுவார். ‘அசிங்கம்’ என்று எழுதி இரண்டு கோடு போடுவார். பதினோரு பாட்டிலும் ஒன்று விடாமல் வெட்டினோம்.

வெட்டினவற்றை நான் தூக்கிப்போடவில்லை. கோட்டிலிருந்து உதிர்ந்த பொத்தானைக்கூட சலவைக்காரன் குப்பையில் போட மாட்டான், எந்த வாடிக்கையாளர் வந்து கேட்பாரோ தெரியாது. எல்லா மூச்சையும் வரிசையாகக் கோத்து, எந்தப் பாட்டு எந்த வரி என்று குறித்துத் தனியாக வைத்தேன், மச்சானிடமும் சொல்லி வைத்தேன். ஒருநாள் அதைப் போட்டுக் கேட்டேன். யாரோ ஒருத்தர் நூறு மாடி ஏறிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் முடிந்து மச்சான் வாயைத் திறந்தார். டாக்டர் சொன்னபடி பேச்சு வந்தது. சரளைக்கல்லில் இரும்புப் பெட்டியை இழுத்த மாதிரி, தாழ்ந்த குரல். ஃபோனில் அக்காவே, “யாருங்க?” என்று கேட்டார். பாடிப் பார்த்தார். மூன்று சுரத்துக்கு மேல் குரல் ஏறவில்லை. “சரி,” என்றார். அதைப் பற்றி அதற்குமேல் அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. வேலைக்குப் போனார். லிஃப்ட் ரிப்பேர் செய்தார். கட்டடத்துக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

ஒரு மாசம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் என் கடைக்கு வந்தார். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினார். பதினோரு பாட்டையும் வரிசையாகக் கேட்டார். நான் ஒரு சட்டையைத் தேய்த்து முடித்து, இன்னொன்றைத் தேய்த்து, முழுக்கூடையையும் முடித்துவிட்டேன். அவர் நகரவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இல்லையா மச்சான்?”

“சுத்தமா இருக்கு. ஒரு அழுக்கு இல்ல.” அந்தப் புதுக் குரலில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்றுதான் பேசினார். “பாடுறவன் எங்க போனான்னுதான் தெரியல.”

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மாப்ள, அந்த மூச்செல்லாம் வச்சிருக்கேன்னு சொன்னீங்களே. இருந்த இடத்துலயே ஒண்ணொண்ணா திரும்ப வச்சுக் கொடுத்துடுங்க.”